உருமால் கட்ட உன் மாமாவைக் கூப்பிடு

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதை நான் அப்போதே மறுத்திருக்க வேண்டும். "அந்த ஆளு கையால நான் உருமால் கட்டிக்க மாட்டேன்ப்பா. பெரியப்பா கட்டட்டும். இல்லீன்னா தலையில ஒன்னுமே வேண்டாம்" என்றாய். கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளையின் தலையில் தாய்மாமன் சுற்றிவிடும் அந்தத் துணியைப் பற்றித்தான் பேச்சு. "உன் இஷ்டம் சாமி" என்று சொல்லிப் போனை வைத்தேன். உன் அம்மாவின் தம்பி வெள்ளையன் உன் கல்யாணத்தில் நிற்கக் கூடாது என்று நீ நினைப்பதற்கு ஒரே காரணம், நான் உன்னிடம் சொன்ன ஒரு பொய். தை பிறந்தால் உனக்கும் கவிதாவுக்கும் கல்யாணம். அதற்குள் இதைச் சொல்லவில்லை என்றால் பிறகு எப்போதும் சொல்ல மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேனே என்று உனக்குக் கோபம் வரும். ஆனால் என் பக்கத்து நியாயத்தை நான் உன்னிடம் மட்டுமா சொன்னேன்? செம்மேட்டு டீக்கடையில் சொன்னேன். சோளக்காட்டுச் சந்தையில் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியர்களிடம் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த, முன்பின் தெரியாத ஆளிடம்கூடச் சொன்னேன். ஊரறியப் பேசியதை ஊரறியத்தான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் எதையும் மறக்காதவன். அதை ஒரு காலத்தில் என் திறமை என்று நினைத்தேன். மாணவனாக இந்த மலை முழுக்க அலைந்து நான் சேகரித்த செடிகளை வைத்து வேறொருவன் பட்டம் வாங்கினான். அதற்கு வழிவிட்ட பேராசிரியரின் முகம் இன்னும் எனக்குக் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்துவிட்டு மலையிலேயே வாத்தியாராக இருந்து, எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் தலைமையாசிரியர் ஆவதைப் பார்த்தேன். அவர்கள் ஒவ்வொருவரின் பெயரும் எனக்குத் தெரியும். உன் அம்மா பழனியம்மாளைப் பெண் கேட்டு, இதே மலையில் எங்கள் ஆலத்தூர் நாட்டிலிருந்து அவர்களுடைய திண்ணனூர் நாட்டுக்கு நாங்கள் போனபோது, அவளைப் பெற்ற உன் அப்புச்சி, "வாத்தியாருக்கு ஏர் புடிக்கத் தெரியுமுங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் ஓரமாக நின்ற வெள்ளையன். அவனுக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை. அந்தச் சிரிப்பை நான் இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தேன் என்றால் நீ நம்புவாயா? வைத்திருந்தேன். இனி அவரை 'அவர்' என்றே எழுதுகிறேன். அவருக்கு நான் கொடுக்க வேண்டிய மரியாதையில் பாக்கி இருப்பது ஏராளம்.

நான் சிகரெட் பிடித்தது உனக்குத் தெரியும். மார்கழிப் பனியில் சன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு, பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டே ஊதுவேன். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருப்பாள். "ஏனுங்க, சன்னலக் கொஞ்சம் தொறக்கட்டுங்களா?" என்று கேட்பாள். "குளுருதுல்ல, இரு" என்பேன். அவள் இருப்பாள். அவளும் விறகடுப்பில் சமைத்தவள்தான். ஆனால் அந்தப் புகையைப் பற்றிப் பேச எனக்கு வாய் கிடையாது. கேஸ் அடுப்பு வாங்கலாம் என்று அவள் கேட்டபோதெல்லாம், "அடுத்த வருசம் பாக்கலாம்" என்று சொன்னவனும் நான்தான்.

அவளுக்கு இருமல் வந்தது. முதலில் சளி என்றார்கள். பிறகு காசநோயாக இருக்கலாம் என்று அதற்கு மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, ஊசி விட்டு நுரையீரலிலிருந்து ஒரு துளிச் சதையை எடுத்துப் பார்த்து, புற்றுநோய் என்று சொன்னார்கள். அன்றைக்கு நீ ஓசூரிலிருந்து வந்திருந்தாய். வராண்டாவில் உன் மாமா என்னைப் பார்த்துச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "நீங்க ஊதித் தள்ளுன பொகைதானுங்க மச்சான். எங்கக்கா கையால ஒரு பீடியத் தொட்டிருக்குமுங்களா?" அவர் கத்தவில்லை. அழுதுகொண்டே சொன்னார். நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்துவிட்டு உடனே தரையைப் பார்த்தாய். அந்த ஒரு பார்வை போதும், கண்ணு. என் மகன் முன்னால் என்னைக் கொலைகாரன் ஆக்கிவிட்டான் என்று அவர்மேல் எனக்கு ஏறிய கோபம், உன் அம்மாவுக்கு நோய் என்ற துக்கத்தைவிடப் பெரியதாக இருந்தது. இதை எழுதக் கூசுகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

அந்தத் துளிச் சதையை மேற்கொண்டு பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாக டாக்டரம்மா சொன்னார். முடிவு வந்த அன்று நீ இல்லை. நானும் அம்மாவும்தான் போயிருந்தோம். அவர் பொறுமையாக விளக்கினார். செல்லின் மேல்புறத்தில் ஒரு புரதம் இருக்கிறது, இ.ஜி.எஃப்.ஆர். என்று அதற்குப் பெயர். வெளியிலிருந்து 'வளர்' என்று செய்தி வந்தால் மட்டும் அதை உள்ளே சொல்வது அதன் வேலை. அம்மாவின் கட்டியில் அந்தப் புரதம் மாறிப்போயிருக்கிறது. யாரும் சொல்லாமலே அது வளர், வளர் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. உன் அம்மா கேட்டாள்: "மோட்டாரு சுச்சு மாட்டிக்கிட்டு நிக்காம ஓடுமே, அந்த மாதிரிங்களா?" டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதேதாம்மா. அந்த சுவிட்சிலயே போய் உக்கார்ற மாத்திரை இருக்கு. ஊசி மருந்தெல்லாம் இப்போதைக்கு வேண்டாம்." இன்னொரு புரதத்தையும் பார்த்திருந்தார்கள். உடம்பின் காவல் செல்களிடமிருந்து புற்றுநோய் ஒளிந்துகொள்ள உதவும் புரதம் அது. அம்மாவுக்கு அது குறைவாக இருந்ததால் அதற்கான வைத்தியம் தேவையில்லை என்றார். நோய் எந்தப் பக்கம் போகும் என்று இந்தப் புரதங்கள் ஓரளவு சொல்லும், எந்த மருந்துக்குப் பிடி கிடைக்கும் என்றும் சொல்லும், ஆனால் ஒரு ஆளுக்கு எவ்வளவு காலம் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார்.

அதற்கு மேல் அவர் இரண்டு வாக்கியம் சொன்னார். முதலாவது: "இந்த மாற்றம், சிகரெட்டே பிடிக்காதவங்ககிட்டதான் அதிகமாப் பாக்கறோம்." இரண்டாவது: "அதுக்காக, பக்கத்துல இருக்கறவங்க புகைக்கு இதுல பங்கே இல்லைன்னும் சொல்ல முடியாது சார். யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது." முதல் வாக்கியத்தை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். இரண்டாவதை இன்றுதான் முதன்முதலாக உன்னிடம் சொல்கிறேன்.

வெளியே வந்தபோது என் நெஞ்சு லேசாகிவிட்டது. பஸ் நிலையத்தில் ஒரு சிகரெட் வாங்கிப் பற்ற வைத்தேன். அன்றைக்கு, அவள் பக்கத்தில் நின்றுகொண்டு. பஸ் காரவள்ளியைத் தாண்டி வளைவுகளில் ஏறத் தொடங்கியபோது, வாந்தி வராமல் இருக்க எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்திருந்த உன் அம்மா, என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"ஏனுங்க, சந்தோசமா இருக்கறீங்களா?"

"ஏன் இருக்கக் கூடாது? மாத்திர இருக்குதுன்னு சொன்னாங்கல்ல."

"அதுக்குத்தானுங்களா?"

அவள் மறுபடி எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தனக்குள்ளே என்ன வளர்கிறது என்று அன்றைக்கு அவள் தெரிந்துகொண்டாள். கூடவே, என் மனசுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன்.

மறுநாளே நான் திண்ணனூர் நாட்டுக்குப் போனேன். உன் மாமா வாசலில் சாமை காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் உட்காரக்கூட இல்லை. அக்கம்பக்கத்துக்குக் கேட்கட்டும் என்று நின்றபடியே சத்தமாகப் பேசினேன். புரதம், மாற்றம், புகை பிடிக்காதவர்களுக்கு வருவது என்று ஒரு வகுப்பே எடுத்தேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "மாத்திர இருக்குதா இல்லீங்களா மச்சான்? அதச் சொல்லுங்க" என்றார்.

"இருக்குது. மொதல்ல ஆஸ்பத்திரில நீ சொன்ன பேச்சத் திரும்ப வாங்கு."

"வாங்கிக்கறனுங்க. தப்புத்தானுங்க. எப்பருந்து குடுப்பாங்களாமா?"

இவ்வளவு சுலபமாக அவர் வாங்கிக்கொண்டது எனக்குப் போதவில்லை. அவர் கெஞ்ச வேண்டும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. "இனிமே என் ஊட்டு வாசப்படிய மிதிக்காத" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் ஜெயித்த ஒரே வழக்கு அது. எதிராளி வாதாடவே இல்லை.

மாத்திரை கேட்டது. அந்த நாட்களைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, லீவில் வந்தபோது நீயே பார்த்தாய். இருமல் நின்றது. குச்சிக்கிழங்குக் காட்டுக்குத் தானே போய்க் கிழங்கு பிடுங்கி வந்தாள். முகமெல்லாம் பரு பருவாக வந்தது, அது அந்த மாத்திரையின் குணம். கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல பாருங்க, வயசுக்கு வந்த புள்ள மாதிரி பரு. மறுபடியும் பொண்ணு பாக்க வருவாங்களாட்ட" என்றாள். "வந்தா இந்தத் தடவ ஏர் புடிக்கத் தெரிஞ்சவனாப் பாத்துக் கட்டிக்க" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் பழைய இருமல் வந்துவிடுமோ என்று நான் பயந்தேன். வாசலூர்பட்டி ஏரியில் நாம் மூன்று பேரும் படகில் போனோமே, அது அந்த நாட்களில்தான். தம்பி வந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று அவள் படகில் ஒரு வார்த்தை சொன்னாள். நீ துடுப்புப் போடுவதில் மும்முரமாக இருந்தாய். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பிறகு இருமல் திரும்பியது. ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. டாக்டரம்மா சொன்னார்: புற்றுநோய் சும்மா இருக்காது, அந்தப் புரதத்தில் இன்னொரு இடத்தை மாற்றிக்கொண்டு மாத்திரை உட்கார முடியாதபடி செய்துவிடும். அப்படித்தான் நடந்திருக்கிறது என்றால் அதற்கும் ஒரு புது மாத்திரை இருக்கிறது. ஆனால் அப்படித்தானா என்று தெரிய வேண்டும். முதலில் ரத்தத்தில் பார்க்கலாம். அதில் தெரியவில்லை என்றால் மறுபடி ஊசி விட்டுச் சதை எடுக்க வேண்டியிருக்கும். "இன்னைக்கே ரத்தம் குடுத்துட்டுப் போறீங்களா?" என்று கேட்டார். "யோசிச்சுச் சொல்றோம்" என்றேன்.

என்ன யோசிக்க இருந்தது? இதைப் பலமுறை எனக்குள் கேட்டுப் பார்த்துவிட்டேன். பஸ் வளைவுகளில் அவள் படும் பாடு, மறுபடி ஊசி, அலைச்சல் என்று அன்றைக்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு பயம் இருந்தது. முதல் பரிசோதனை என்னை விடுதலை செய்திருந்தது. இரண்டாவதில் வேறு ஏதாவது வந்து, இது புகையால் வந்ததுதான் என்று ஆகிவிட்டால்? அந்தப் பரிசோதனை அந்தக் கேள்வியையே கேட்காது என்று தாவரவியல் படித்த எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் பயந்தேன். படிப்பு என்பது தலையில் ஏறுவது. பயம் வேறெங்கோ இருக்கிறது. "கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்" என்று அவளிடம் சொன்னேன். "நீங்க சொன்னாச் சரிங்க" என்றாள். நான் சன்னலைத் திறக்காமல் இருந்தபோதும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறாள்.

உன் மாமாவுக்கு விஷயம் எப்படியோ தெரிந்திருந்தது. வீட்டுக்கு வரக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததால் பஸ் நிற்கும் இடத்தில் எனக்காகக் காத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு இறங்கியதும் பக்கத்தில் வந்தார். "ரத்தந்தானுங்க மச்சான். ஒரு ஊசி. நான் வேணா அக்காளத் தோள்ல தூக்கிட்டுப் போயிட்டு வாரேன்" என்றார். "படிச்சவன் நானு. முடிவு பண்ண எனக்குத் தெரியும்" என்றேன். "தெரியுமுங்க. அதனாலதான் உங்ககிட்டக் கேக்கறேன்" என்றார். என் மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் விறுவிறு என்று நடந்துவிட்டேன். அதற்குப் பிறகும் பல நாள் அவர் அங்கே நின்றார். நான் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடக்கத் தொடங்கினேன்.

அந்த நேரத்தில்தான் நீ போன் செய்தாய். "ஏம்ப்பா இன்னும் டெஸ்ட் எடுக்கல? யாரு தடுக்கறாங்க?" என்று கோபமாகக் கேட்டாய். யாரோ தடுக்கிறார்கள் என்று நீயாகவே நினைத்துக்கொண்டாய். அந்த இடத்தை நான் நிரப்பினேன். "உன் மாமன் கோயில்ல பூ கேட்டானாம். செவப்பு வந்துருச்சாம். ஊசி வேண்டாங்கறான். உங்கம்மாவும் அவன் பேச்சத்தான் கேக்கறா" என்றேன். நீ உடனே நம்பினாய். ஏன் நம்ப மாட்டாய்? வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்க்காமல் உன் மாமா எதுவும் செய்ததில்லை. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. மாடு வாங்க, கிணறு வெட்ட, உன்னை ஹாஸ்டலில் சேர்க்க, எல்லாவற்றுக்கும் பூ கேட்டவர். நானும் நீயும் சேர்ந்து அதைக் கிண்டல் செய்திருக்கிறோம். நம்பும்படியான பொய்யாகப் பார்த்துத்தான் சொன்னேன்.

அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் ரத்தம் கொடுத்தோம். நான்தான் அழைத்துப் போனேன், அதற்குள் நோய் ஈரலுக்கும் பரவிக் கண் மஞ்சளாகிவிட்டது. முடிவு வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

அன்றைக்கு நடந்ததை நீ உன் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்தாய். உன் மாமா பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை எடுத்துக்கொண்டு, நான் மிதிக்கக் கூடாது என்று சொன்ன வாசப்படிக்கு வெளியே வந்து நின்றார். நீ குறுக்கே போய் நின்று, "தொடாதீங்க. பூவக் கேட்டுக் கேட்டுக் கொன்னுட்டீங்க. இப்பச் சேல எதுக்கு?" என்றாய். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு மெதுவாக என்னைப் பார்த்தார். அப்போது அவருக்குப் புரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான், கண்ணு. ஒரு வார்த்தை போதும். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் சேலையை வாசப்படி மேலேயே வைத்துவிட்டுப் பலாமரத்தடியில் போய் நின்றார். அதை உன் பெரியம்மா எடுத்து வந்து அம்மாவுக்குப் போர்த்தினாள்.

காரியம் முடிந்து நீ ஓசூருக்குப் போன பிறகு மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அவளுக்குச் செய்தி தெரியாது. "சார், ரத்த ரிசல்ட் வந்திருச்சுங்க. டாக்டர் எதிர்பார்த்த மாற்றம் இருக்குதுங்க. புது மாத்திரை எழுதணும், அம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோசம். "சரிங்க, வாரோம்" என்றேன். அந்தப் பெண்ணுக்கு இன்னும் தெரியாதோ என்னவோ.

அந்த மாத்திரை அவளைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. நோயை முழுக்கத் துடைத்துப் போடும் மாத்திரை இல்லை அது. சிலருக்கு நல்ல காலம் கிடைக்கிறது, சிலருக்குக் கொஞ்சம்தான். அவளைக் கொன்றது நான்தான் என்றும் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லி நெஞ்சில் அடித்துக்கொள்வதில்கூட ஒரு ஆணவம் இருக்கிறது. நடந்தது இவ்வளவுதான்: அவளுடைய நோய்க்கு ஒரு பிடி இருந்தது. அதைத் தேடலாம் என்று மூன்று பேர் சொன்னார்கள், நீ, உன் மாமா, டாக்டரம்மா. வேண்டாம் என்றவன் நான் ஒருவன். அந்தப் பழியைத் தூக்கி, அவளைத் தோளில் தூக்கிப் போகத் தயாராக இருந்தவர்மேல் வைத்தேன்.

நீ போனில் அப்படிச் சொன்ன இரண்டாம் நாள் திண்ணனூர் நாட்டுக்குப் போனேன். உன்னிடம் உண்மையைச் சொல்லாமலே அவரைக் கல்யாணத்துக்கு வரவைத்துவிடலாம் என்று ஒரு கணக்கு. அவர் மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி, மேலே நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் இறங்கவில்லை. "வாங்க வாத்தியாரே. ஏணிய ஒரு கை புடிங்க, ஆடுது" என்றார். பிடித்தேன். அண்ணாந்து பார்த்துக்கொண்டே பேசினேன். "கண்ணாலத்துக்கு வந்துரு மாப்ள. நீதான் உருமால் கட்டோணும்" என்றேன்.

"பையன் கூப்புட்டானுங்களா?"

"நான் கூப்புடறேன்ல."

"நீங்க கூப்புட்டு நான் வரமாட்டனுங்க. அவன் வந்து மாமான்னு கூப்புட்டான்னா, பறிச்ச கையக்கூடக் கழுவாம வாரேன்."

மிளகுச் சரங்களைப் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தார். நான்தான் கேட்டேன்: "அவங்கிட்ட நீயே உண்மையச் சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?"

"எங்கக்கா சொல்ல வேண்டான்னுருச்சு." அப்போதுதான் கை நின்றது. "நீங்க போன்ல பையங்கிட்டப் பேசுனத உள்ள படுத்துக்கிட்டு அது கேட்டுருச்சுங்க. சாயங்காலமே எனக்குக் கூப்புட்டுச்சு. பூவு கீவுன்னெல்லாம் வெவரஞ் சொல்லல. 'அவுரு உம்மேல ஒரு பழியப் போட்டுட்டாருடா வெள்ளையா. நீ அதுக்கு மறுத்துப் பேசிராத. நாம்போனா அவனுக்கு அப்பன் ஒருத்தருதான் மிச்சம். அதையும் புடுங்கிராத'ன்னுச்சு. என்ன பழின்னு எழவன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி பறிக்கத் தொடங்கினார். பறித்துக்கொண்டே சொன்னார்: "இன்னொன்னுங்க மச்சான். நான் பூக் கேட்டது நெசந்தானுங்க. வெள்ளதான் வந்துச்சு. ரத்தங் குடுக்கச் சொல்லித்தான் வந்துச்சு. உங்ககிட்டச் சொன்னாச் சிரிப்பீங்கன்னு சொல்லல."

சிரித்திருப்பேன். அதில் சந்தேகமே இல்லை.

கண்ணு, உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தகப்பன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் உனக்குள் இருக்கும் ஒரு பயத்துக்குப் பதில். அம்மாவின் அந்த மாற்றம் அவளுடைய நுரையீரலுக்குள்ளேயே உண்டானது, பொதுவாக அது பிள்ளைகளுக்கு இறங்குவதில்லை என்று டாக்டரம்மா சொன்னார். கவிதாவிடமும் இதைச் சொல். என்னிடமிருந்து உனக்கு இறங்கியிருப்பது வேறு. ஞாயிற்றுக்கிழமை "அந்த ஆளு" என்று நீ சொன்ன குரல் என் குரல். அதைத்தான் கேட்டுத் திடுக்கிட்டேன். அதற்கு யாரும் மாத்திரை கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கவிதா சன்னலைத் திறக்கட்டுமா என்று கேட்டால், எழுந்து போய் நீ திற. எங்காவது ஒரு தீர்ப்பு உனக்குச் சாதகமாக வந்தால், சந்தோசப்படுவதற்கு முன்னால் அவள் முகத்தைப் பார். அவள் எதற்கும் "நீங்க சொன்னாச் சரிங்க" என்று சொன்னால், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே, மறுபடி கேள். நான் மறுபடி கேட்கவே இல்லை. சிகரெட்டை விட்டுவிட்டேன், ஆனால் அதைச் சொல்லிப் பெருமைப்பட இடமில்லை. யாருக்காக விட வேண்டுமோ அவள் இருக்கும்போது விடவில்லை.

இதைப் படித்த பிறகு என்னோடு பேச வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் அதை நான் மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன். முதன்முறையாக ஒன்றை வைத்துக்கொள்ளாமல் இருக்கப் பழகுகிறேன். பந்தலில் உன் பக்கத்தில் நான் நிற்க வேண்டாம் என்றால் பந்தி பரிமாறும் இடத்தில் நிற்கிறேன். ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வா. வீட்டுக்கு வர வேண்டாம். செம்மேட்டில் இறங்கி நேராகத் திண்ணனூர் நாட்டு பஸ்ஸைப் பிடி. இறங்கும் இடத்திலிருந்து வரப்பு வழியாக நடக்க வேண்டும், தெரியும் உனக்கு. இந்த மாசம் முழுக்க அவர் மிளகு மரத்தில்தான் இருப்பார். கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள், ஆடும். "யாருங்க அது?" என்று மேலேயிருந்து கேட்பார். பழனியம்மாள் மகன் என்று சொல். என் பெயரைச் சொல்லாதே.